நான் போட்டுக் கழற்றிய துப்பாக்கிச் சட்டை

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். கடைசி நான்கு வருடம் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றேன். இதை முதலிலேயே சொல்வது பெருமைக்காக இல்லை. நான் சொன்ன ஒரு பொய் எடுபட்டதற்கு இந்தப் பதவிதான் காரணம்.

எங்கள் ஊர் பண்டசோழநல்லூர் பக்கம். கொஞ்சம் நிலம், ஒரு போர்வெல், ஒரு மோட்டார் கொட்டகை, நானும் மனைவியும். என் அண்ணன் வீட்டார் பிரான்சில் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் வருவார்கள். வரும்போது பெட்டி நிறையத் துணி இருக்கும். போகும்போது அதே பெட்டியில் மிளகாய்த்தூள், வடகம், ஊறுகாய், அப்பளம். எடை கூடிவிடும் என்று துணியை இங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பிரான்சில் ஆள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இது வழக்கம்தான். விட்டுப்போனதைப் பிரித்துக் கொடுப்பது இங்கிருப்பவர்கள் வேலை. நல்லது சொந்தக்காரர்களுக்கு, மற்றது நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு.

அப்படி அண்ணன் மகன் விட்டுப்போனதில் ஒரு கறுப்பு டி-சர்ட் இருந்தது. தடித்த துணி. மார்பில் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காக ஒரு பெரிய துப்பாக்கி, வெள்ளை மையில் அச்சடித்தது. முதுகில் குண்டு துளைத்த மாதிரி ஏழெட்டு ஓட்டை வரைந்திருந்தது. நாற்பது வயதுக்காரன் இதை எதற்குப் போடுகிறான் என்று மனைவி கேட்டாள். யாருக்கும் கொடுக்க முடியாது என்று பையில் சுருட்டிப் பரணில் போட்டாள்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நான்கு நாளாக ஒரு சட்டையும் காயவில்லை. மனைவி பரணிலிருந்து பையை இறக்கினாள். "இன்னிக்கு ஒரு நாளிக்கு இத்தப் போட்டுக்கோங்க. மழையில யாரு பாக்கப் போறாங்க" என்றாள். வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, குடை பிடித்து டீக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "இன்னா சார், ரிட்டயர்டு ஆனப்பறம் மிலிட்டரில சேந்துட்டீங்களா?"

பெஞ்சில் இருந்த ஒருவர், "யோவ், சாருக்கு மொதல்ல ஊத்துயா. லேட் பண்ணினா சுட்டுடுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து வருடமாக அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். நான் வந்ததையோ போனதையோ யாரும் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. ஓய்வு பெற்றபின் ஆள் இருக்கிற இடமே தெரியாமல் போவது ஒரு வகைக் களைப்பு. அந்தக் காலையில் அது கொஞ்சம் விலகினாற்போல இருந்தது. மழை விட்டு மற்றச் சட்டைகள் காய்ந்த பிறகும் நான் அதைத்தான் எடுத்தேன்.

வில்லியனூர் பஸ்ஸில் ஒரு இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். "உக்காரு பெருசு. உன் கையில எதுக்கு வம்பு" என்றான். வங்கியில் வாசல் காவலர் தன் தோளில் தொங்கிய நிஜத் துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் மார்பைப் பார்த்தார். "என்னுதுல தோட்டா போட்டு வருஷக்கணக்காச்சி சார். உங்களுது எப்டி?" என்றார். எல்லோரும் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கியில் ஒரு பெண் மடியிலிருந்த குழந்தையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். மருந்துக்கடையில் என் பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றார். கோயிலில் ஒருவர், "சாமி முன்னால வர்ற துணியா சார் இது?" என்று கேட்டார். உள்ளே இருக்கிற அம்மன் கையில் எத்தனை ஆயுதம் என்று எண்ணிப் பாருங்கள் என்றேன். அவர் நகர்ந்து போனார். வகுப்பில் ஒருவனை மடக்கிய பழைய திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளைங்க கேக்கறாங்க, உங்க வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சின்னு. கழட்டுங்க அத்த."

ஒருநாள் ஹெல்மெட் இல்லாமல் மொபெட்டில் போனேன். கூட்டு ரோட்டில் போலீஸ் நின்றது. எனக்கு முன்னால் போன இரண்டு பேரை ஓரங்கட்டியிருந்தார்கள். ஒரு காவலர் என்னை நிறுத்தக் கையைத் தூக்கினார். பிறகு சட்டையைப் பார்த்து அந்தக் கையாலேயே சல்யூட் அடித்தார். "தாத்தா ஃபுல் லோடோட வர்றாரு, வழி வுடுங்கப்பா" என்றார். ஓரங்கட்டப்பட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் பதிலுக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனேன். அதை வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

அதைக் கழற்ற வைத்தவள் வில்லியனூர் மார்க்கெட்டில் கீரை விற்கிற ஒரு பெண். எனக்கு அவளைத் தெரியாது. முளைக்கீரை இரண்டு கட்டு கேட்டேன். கட்டை எடுத்தவள் நிமிர்ந்து சட்டையைப் பார்த்தாள். கீரையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இந்த வயசுல உங்களுக்கு இது இன்னாத்துக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எம் புள்ளய நாட்டு வெடி வீசி சாவடிச்சானுவ. அவனும் இந்த மாதிரிதான் போட்டுகினு சுத்தினான். கீரை எட்த்துகினு போங்க."

அன்றே கழற்றினேன். வருத்தப்பட்டுக் கழற்றினேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவள் பார்த்த பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அடுப்பில் போட்டிருக்கலாம். வண்டி துடைக்கக் கிழித்திருக்கலாம். நல்ல கெட்டித் துணி வீணாகப் போகிறதே என்று தோன்றியது. என் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுத்தேன்.

இப்போது எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். நேரில் எப்போதும் நீதான். அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஊருக்கு அந்தப் பக்கம் அவர் சாதிக்காரர்கள் தெருவில் வீடு. பதினெட்டு வருடமாக மும்முனை கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டியவர். பொங்கலுக்கு வேட்டி துண்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். அதற்கு அடுத்த வாரம் இந்தச் சட்டையை நீட்டினேன்.

வாங்கித் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லா கெட்டியாத்தான் கீது" என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். "இத்தப் போட்டுகினு வெளிய போனா எதனா சொல்லுவாங்களா சார்?"

"நான் மூணு மாசமா போடறேன். என்ன யாரு இன்னா சொன்னாங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி சார் என்று மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் வரலாறு படித்தவன். ஒரே பொருள் ஒருவன் உடம்பில் வேடிக்கையாகவும் இன்னொருவன் உடம்பில் குற்றமாகவும் தெரியும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் கேட்டார். அந்தக் கேள்வியை நான் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதம் அவர் ஒரு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. "வருஷம் பூரா சேத்துல நின்னு முட்டி பூட்ச்சி சார். அங்க ஒக்கார நாற்காலி குடுக்கறாங்க" என்று சொல்லியிருந்தார். சம்பளத்தைவிட அந்த நாற்காலியைத்தான் அடிக்கடி சொல்வார். ஆளைப் பார்த்தாகிவிட்டது, பிடித்துவிட்டது, காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று மட்டும் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

மாசியில் ஒரு முகூர்த்த நாள். விண்ணப்பத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க அவர் சைக்கிளில் கிளம்பினார். இருப்பதில் நல்ல துணி என்று இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த வாரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கொலை நடந்து, ரோட்டில் எங்கு பார்த்தாலும் போலீஸ் நின்றது. அவரை நிறுத்தினார்கள். யாரும் சல்யூட் அடிக்கவில்லை. எந்த கோஷ்டி என்று கேட்டார்கள். கோஷ்டி எல்லாம் இல்லை, சார் கொடுத்த சட்டை, வேண்டுமானால் போன் பண்ணிக் கேளுங்கள் என்று அவர் தன் போனிலிருந்து என் நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

நான் அப்போது பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் இருந்தேன். என்னோடு வேலை பார்த்த நான்கு பேர் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பாயசம் வந்துகொண்டிருந்தது. போன் அடித்தது.

"சார், ரிட்டயர்டு வாத்தியாருங்களா? ஸ்டேஷன்லேந்து பேசறோம். ஒருத்தன புடிச்சி ஒக்கார வெச்சிருக்கோம். நெஞ்சில இம்மாம் பெரிய துப்பாக்கி. கேட்டா நீங்க குடுத்த சட்டைன்றான்."

பக்கத்தில் இருந்த நண்பர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஸ்டேஷன் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால் பந்தி முடிவதற்குள் அந்தச் சட்டை என்னிடம் எப்படி வந்தது, நான் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேனா என்று கேட்பார்கள், சிரிப்பார்கள். டீக்கடையில் சிரித்தால் எனக்குப் பிடித்தது. இவர்கள் சிரிப்பது பிடிக்கவில்லை. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

"இல்லீங்களே," என்றேன். "அந்த மாதிரித் துணியெல்லாம் எங்க வூட்ல கெடையாது."

"அதான பாத்தேன். வாத்தியார் பேரச் சொல்லித் தப்பிக்கப் பாக்கறான். சாரி சார், சாப்புடற நேரத்துல தொந்தரவு."

வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நண்பர், "இன்னாங்க?" என்றார். "ஒண்ணுமில்ல. மோட்டார் கொட்டாய்ல வேல செய்யற ஆளு, எதோ வம்புல மாட்டிகினு என் பேரச் சொல்லியிருக்கான்."

"இவனுங்களுக்கு எடம் குடுத்தா இப்டித்தான்" என்றார் அவர். நான் தலையாட்டினேன். பாயசம் சாப்பிட்டேன். எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சாயந்தரம்தான் விட்டார்கள். சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் சட்டையோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். வெறும் உடம்போடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் ஊருக்குள் வந்ததை மனைவி பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை வழக்கம்போல மோட்டார் போட வந்தார். நான் கொட்டகைக்குப் போனேன். அவர் குனிந்து வாய்க்காலில் மடை திறந்துகொண்டிருந்தார்.

"சார், மறந்துட்டீங்க போல" என்றார், நிமிராமல்.

"மண்டபத்துல மேளச் சத்தம்ப்பா. அவரு கேட்டது சரியா காதுல வுழல" என்றேன். இரண்டாவது பொய்.

"சரி சார்."

மூன்று வாரம் கழித்துச் சான்று வந்தது. சந்தேகத்தின் பேரில் பிடித்து விசாரிக்கப்பட்டவர் என்று ஒரு வரி அதில் இருந்தது. கம்பெனியில் அந்த வரியைப் பார்த்துவிட்டு அவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னார். அந்த வாரத்தோடு என் நிலத்துக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

மனைவி அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அந்தச் சட்டைய நீங்கதான குடுத்தீங்க?"

"ஆமா."

"போன்ல கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

அவள் எழுந்து குழம்புச் சட்டியை மூடினாள். ஏன் என்று கேட்டிருந்தால் பந்தியில் நான்கு பேர் இருந்தார்கள் என்று சொல்லியிருப்பேன். அதைச் சத்தமாகச் சொல்லும்போது எப்படி இருந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன்.

பங்குனி முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்தேன். மோட்டாரை நானே போட்டேன். சித்திரையில் ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. எழுத்து வேலை பார்க்கிற காவலர் எழுந்து நின்று எனக்கு இருக்கை போட்டார், ஃபேனைத் திருப்பிவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். சட்டை என்னுடையது, நான் கொடுத்தது, போனில் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இதுக்கா சார் இந்த வெயில்ல வந்தீங்க? அவம் மேல கேஸ் கீஸ் ஒண்ணும் இல்லையே. சும்மா ஒரு என்ட்ரி."

"அந்த என்ட்ரியாலதான் வேல போச்சு."

"எழுதினத அடிக்க முடியாது சார். வேணும்னா ஒரு மனு குடுங்க, சேத்து வெச்சிடறோம். அடுத்த தரம் சர்ட்டிபிகேட் கேட்டு வந்தா, பாக்கறவங்க அதையும் பாப்பாங்க."

அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பதினெட்டு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. வீடு எது என்று கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவர் வேப்பமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழ முயன்றார். வேண்டாம் என்று நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு எனக்குக் காதுல நல்லாத்தான் வுழுந்துச்சு," என்றேன். "தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன்."

"தெரியும் சார்" என்றார். தைல பாட்டிலை மூடினார். "ஸ்பீக்கர்லதான் போட்டாங்க. நான் எதிர்ல தரையில ஒக்காந்துகினு இருந்தேன். மேளச் சத்தமே இல்ல."

அப்படியென்றால் மறுநாள் வாய்க்காலில் நான் சொன்னதும் பொய் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சரி சார் என்று சொல்லியிருக்கிறார். காவலர் மனு கேட்டதை மட்டும் சொன்னேன்.

"எழுதுங்க சார்" என்று உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும், அடியில் வைக்க ஒரு காலண்டர் அட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுதினேன். இத்தனை வருடம் எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கை தானாக ஓடியது. முடித்துவிட்டு நீட்டினேன். அவர் எட்டாவது வரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"எங்கள் வீட்டில் இருந்த சட்டைன்னு போட்டிருக்கீங்க. நீங்க அத்தப் போட்டத எழுதல."

"அது எதுக்குப்பா?"

"நீங்க போட்டுகினு அவங்க எதிர்லயே போனீங்க இல்ல? ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தப்பில்லன்னா எனக்கும் தப்பில்லன்னு அவங்களுக்குப் புரியணும்ல."

உண்மையைச் சொல்வதற்கென்றே கிளம்பி வந்தவன், அந்த ஒரு வரியில் தயங்கினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு எழுதினேன்: மேற்படி சட்டையை மூன்று மாத காலம் நானே அணிந்து பொது இடங்களுக்கும், காவலர்கள் முன்னிலையிலும் சென்றிருக்கிறேன், அப்போது எவரும் என்னை விசாரிக்கவில்லை.

கடைசியில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன். எனது செயலுக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன், இந்த வயதில் இது எனக்குப் பெரும் பாரமாக உள்ளது என்று. அவர் அதிலும் விரல் வைத்தார்.

"இது வேணாம் சார்."

"நெசமாத்தான்பா எழுதியிருக்கேன்."

"நெசந்தான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா படிக்கறவன் இதப் படிச்சிட்டு பாவம், வயசானவருன்னு உங்கள நெனைப்பான். என்னிய மறந்துடுவான்."

வேறு தாள் கேட்டு வாங்கி, அந்த வரி இல்லாமல் முழுவதையும் திரும்ப எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே ஓய்வுபெற்ற துணை முதல்வர் என்று போடச் சொன்னார், போட்டேன். மறுநாள் இருவரும் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தோம். கம்பெனியில் இப்போதைக்கு ஆள் தேவை இல்லை, ஆடி கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவர் வேறு ஒருவர் நிலத்தில் கூலிக்குப் போகிறார். அங்கேயும் சேறுதான்.

நகலை வாங்கி வந்த அன்று, பஸ் நிறுத்தத்தில் பிரியும்போது சொன்னார். "சர்ட்டிபிகேட்டுக்குத் திரும்ப எழுதிப் போடுவேன் சார். அப்ப உங்களுக்கு போன் வரும்."

"எடுக்கறேன்பா. எங்க இருந்தாலும் சொல்றேன்" என்றேன்.

அவர் அதற்குத் தலையாட்டவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து நகலை வெளியே எடுத்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.